எடைக்கல் யார் கையில்?



சில மாதங்களுக்கு முன்னர், கடலூர் முதுநகரை அடுத்த ஒரு மீனவர் குடியிருப்பில் நடைபெற்ற அன்பியக் கூட்டத்தில் நாம் கலந்துகொண்டோம். செபமாலையும் வாசகமும் முடிந்தபின், வழக்கம்போல் பேச்சு வீட்டுச் செலவின்பால் திரும்பிற்று. பருப்பு விலை, எண்ணெய் விலை, சின்ன வெங்காயத்தின் விலை என்று தாய்மார்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள். அப்போது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்:

"ஃபாதர், எங்கள் பல்கலைக்கழகத்தையே 2013-ஆம் ஆண்டில் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஊரிலுள்ள மளிகைக் கடைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? எல்லாப் பொருளும் ரேஷன் விலைக்குக் கிடைக்குமே!"

இளைஞர்கள் கை தட்டினார்கள். மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும், "அது சரிப்பா. கடலுக்குப் போகாத நாளுல நோட்டுல எழுதிக்கிட்டு யாரு அரிசி குடுப்பா?" என்றார். சிரிப்பொலி எழுந்தது. ஆனால், அக்கூட்டத்தின் பின்வரிசையில் அத்தெருவின் மளிகைக் கடைக்காரரும் இருந்தார். அவர் சிரிக்கவுமில்லை, மறுமொழி சொல்லவுமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தெருவுக்கு உப்பும் புளியும் கொடுத்து வந்தவர், தம் அண்டை வீட்டார் தமது கடையைப் பிடுங்கிக்கொள்வதைப் பற்றிக் கை தட்டியதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நாம் தக்க விடை கூறவில்லை. ஆராய்ந்து எழுதுவதாக மட்டும் சொல்லி வந்தோம். அந்த விடையே இக்கட்டுரை.

இளைஞரின் வழக்கு

முதலில், அந்த இளைஞரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அதற்குப் பின்னால் நீண்டதொரு துன்ப வரலாறு உண்டு. பசியை வாணிபமாக்குபவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டித்தார். அளவைச் சிறுக்கி விலையைப் பெருக்கும் வணிகரின் செயலை இறைவன் மறக்கமாட்டார் என்பதே அவர் தந்த எச்சரிக்கை. 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஏழைகள் மாண்டபோது, அரிசி அறவே இல்லாமற் போனதால் மட்டும் அவர்கள் மாளவில்லை. இருந்த அரிசியை வாங்கும் ஆற்றல் இல்லாமற் போனதாலும், பதுக்கலாலும், அரசின் அலட்சியத்தாலும் மாண்டார்கள்.

ஆகவேதான் நம் நாட்டில் உணவு வாணிபத்தை அரசு முழுவதும் தனியாரிடம் விட்டுவிட்டதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பங்கீட்டு முறை வந்தது. 1952-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். 1955-இல் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் நிறைவேறிற்று. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் அண்டை மாவட்டமாகிய தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசியே பெரிய கேள்வியாயிற்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தம் இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அறிஞர் அண்ணா வாக்களித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைக்கப்பட்டது.

இன்று மாநிலத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகளும், முப்பத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட நியாய விலைக் கடைகளும் உள்ளன. 1997-இல் நடுவண் அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தபோதும், தமிழகம் அப்பிரிவினையின்றி எல்லாருக்கும் பொதுவாகவே கடையைத் திறந்து வைத்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாயாக இருந்த அரிசி, 2011 முதல் விலையின்றியே வழங்கப்படுகிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் வெளிச்சந்தை விலையினும் மிகக் குறைவாகக் கிடைக்கின்றன.

இதன் பயனை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல், 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஆகியவற்றுக்குப்பின், எத்தனையோ வீடுகளில் முதல் உலை ஏறியது ரேஷன் அரிசியால் அன்றோ? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசு நியாய விலைக் கடைகள் சிலவற்றின் வாயிலாக அதனை 60 ரூபாய்க்கு விற்றது. அரசு ஒரு கடை வைத்திருந்தால் ஏழைக்கு எவ்வளவு ஆறுதல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இதன் அருமையை அயல்நாட்டார் இப்போதுதான் உணரத் தொடங்கியுள்ளனர். 2025 நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் நகர மேயர் தேர்தலில் வென்ற சோரான் மம்தானி அளித்த வாக்குறுதிகளுள் ஒன்று, அந்நகரின் ஐந்து பகுதிகளிலும் பகுதிக்கு ஒன்றாக நகராட்சியே மளிகைக் கடை நடத்தும் என்பது. அதனை அங்கே பெரும் புரட்சியென்று சிலர் போற்றினர். பேராபத்தென்று சிலர் தூற்றினர். நம் தாய்மார்களோ அரை நூற்றாண்டாகப் பையும் அட்டையுமாக அத்தகைய கடைக்குச் சென்று வருகின்றனர்!

ஆகவே, அரசு கடை நடத்தலாமா என்பது இப்போது நம்முன் உள்ள கேள்வியன்று. மற்றக் கடைகளையும் எடுத்துக்கொண்டு, அரசே ஒரே கடைக்காரர் ஆகலாமா என்பதே கேள்வி.

நாடு ஒருமுறை செய்து பார்த்தது

இதற்கு விடை காண ஊகம் தேவையில்லை. நம் நாடே ஒருமுறை செய்து பார்த்தது. 1973 ஏப்ரலில், திருமதி இந்திரா காந்தி அம்மையாரின் அரசு கோதுமையின் மொத்த வாணிபத்தைத் தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்து அரிசியையும் எடுத்துக்கொள்வது திட்டம். நோக்கம் நல்லது: அதற்கு முந்தைய ஆண்டில் வறட்சி, விலையோ ஏறிக்கொண்டிருந்தது, இடைத்தரகரை நீக்கினால் உழவனுக்கும் உண்பவனுக்கும் நன்மை என்று எண்ணினார்கள்.

நிகழ்ந்தது வேறு. அரசு அறிவித்த கொள்முதல் விலை சந்தை நிலவரத்துக்குக் குறைவாயிருந்ததால், வசதி படைத்த உழவர்கள் கோதுமையை வீட்டிலேயே இருத்திக்கொண்டார்கள். கொள்முதல், குறித்த இலக்கினும் மிகக் குறைந்தது. விலை தாழ்வதற்கு மாறாக ஏறிற்று. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் பெட்ரோல் விலை உயர்ந்ததும் துன்பத்தைக் கூட்டிற்று. ஆதலால் குற்றம் முழுவதையும் அத்திட்டத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று. எனினும், மறு ஆண்டே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு மொத்த வணிகரை மீண்டும் அனுமதித்தது. அரிசியை எடுத்துக்கொள்ளும் எண்ணமும் கைவிடப்பட்டது.

ஏன் தோற்றது? வணிகர் என்பவர் வெறும் இலாபம் உண்பவர் என்று எண்ணினார்கள். எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, யாருக்கு முன்பணம் வேண்டும், எங்கே சாக்கும் வண்டியும் கிடைக்கும், எந்தச் சந்தையில் எப்போது தட்டுப்பாடு வரும் என்னும் ஆயிரம் செய்திகளை அவர் தம் மனக்கணக்கில் வைத்திருந்தார். அவரை நீக்கிய நாளில் அந்த அறிவும் உடன் நீங்கிற்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டிய இளைஞருக்கும் இங்கே ஒரு சொல். 1929-இல் நிறுவப்பெற்ற அக்கல்விக்கூடம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, தனிச்சட்டம் இயற்றி அரசு அதனைக் காத்தது உண்மை. ஆனால், அந்த ஒரு நிறுவனத்தைச் சீராக்கவே எத்தனை பாடு! மிகுதியாயிருந்த பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் பிற அரசு அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் உள்ள கடைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். கணவன் கொள்முதலுக்குப் போக, மனைவி கல்லாவில் அமர, பள்ளி விட்டு வந்த பிள்ளை பொட்டலம் கட்டும் உழைப்பு. அதனை அரசாணை ஒன்றினால் அலுவலகமாக்கிவிட முடியுமா?

கடல் கடந்த பாடம்

நம் கரைக்கு எதிர்க்கரையான இலங்கையிலும் ஒரு பாடம் உண்டு. 1970 முதல் 1977 வரை திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தனியார் கொண்டுசெல்லத் தடைகள் விதிக்கப்பட்டன. பாணுக்காக, அதாவது ரொட்டிக்காக, மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்து உழவர்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை பெற்று வாழ்ந்ததும் அக்காலத்தில்தான். அதனை மறைப்பது முறையன்று. ஆனால், மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தமிழ்த் தொழிலாளர்களின் நிலை என்ன? அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. பயிரிட்டு உண்ண வழியில்லை. பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது, போய்த் தட்ட அவர்களுக்கு வேறு கதவும் இல்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அத்தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் மடிந்தன. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களுள் அக்கொடுமையைக் கண்டு வந்தவர்களும் உண்டு.

கதவு ஒன்றே ஆகும்போது, அது மூடினால் முதலில் மாள்பவன் ஏழை. வசதி படைத்தவன் எப்படியோ பின்கதவைத் தேடிக்கொள்வான்.

நம் மாநிலம் எடுத்துக்கொண்ட கடை

"வெளிநாட்டுக் கதை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு உள்ளூர்க் கதை ஒன்றும் உண்டு. நம் மாநிலத்தில் ஒரு சில்லறை வாணிபத்தை அரசு தனியாரிடமிருந்து முழுவதும் எடுத்துக்கொண்டது, 2003 நவம்பரில். அது மளிகையன்று, மது. 1983-இல் மொத்த வாணிபத்துக்காக நிறுவப்பட்ட டாஸ்மாக் நிறுவனமே, அன்று முதல் தெருக்கடைகளையும் நடத்தத் தொடங்கிற்று.

அதற்குமுன் தனியார் மதுக்கடைகளில் முறைகேடு மலிந்திருந்தது என்பது மெய். அரசு எடுத்துக்கொண்டால் ஒழுங்கு வரும் என்றார்கள். ஆனால், என்ன நேர்ந்தது? கடையின் வருமானம் அரசின் வருமானமாயிற்று. இன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அவ்வழியே வருகிறது. கணவனின் கூலி முழுதும் அங்கே போகிறதென்று அழும் தாய் யாரிடம் முறையிடுவாள்? கடையை மூட வேண்டியவரே கடைக்காரராகவும் இருக்கிறார். நம் பங்குகளில் எத்தனை முறை மனு எழுதிக் கொடுத்தோம்! சில கடைகள் இடம் மாறின, வாணிபம் குறையவில்லை.

மதுவும் மளிகையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால், இங்கே ஒரு பொது உண்மை வெளிப்படுகிறது. வணிகனின் எடைக்கல்லைச் சோதித்து முத்திரையிடுவது அரசின் கடமை. அந்த எடைக்கல்லையே தன் கையில் எடுத்துக்கொண்டு நிறுக்கத் தொடங்கிவிட்டால், அதனைச் சோதிப்பவர் யார்? இன்று நியாய விலைக் கடையில் எடை குறைந்தால், "போ, வெளியே வாங்கிக்கொள்ளலாம்" என்ற எண்ணமாவது மக்களுக்குத் துணை நிற்கிறது. வெளிக்கடைக்காரர் விலையை ஏற்றினால், "ரேஷனில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடிகிறது. இவ்விரு சொற்களும் ஏழையின் கையிலுள்ள இரு ஊன்றுகோல்கள். ஒன்றைப் பறித்துவிட்டு மற்றொன்றைப் பொன்னால் செய்து கொடுத்தாலும் அவன் நொண்டியே நடப்பான்.

எகிப்தின் களஞ்சியம்

திருமறையில், அரசே தானிய வாணிபத்தை நடத்திய வரலாறு ஒன்று உண்டென்பதை நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்கிறார்கள். எகிப்தில் ஏழாண்டு செழிப்பில் யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். ஏழாண்டுப் பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியமே எகிப்தியரை மட்டுமன்றி, யாக்கோபின் வீட்டாரையும் காத்தது. எவ்வளவு அருமையான அரசப்பணி! சேமிப்புக் கிடங்குகளுக்கு இதனினும் பழைமையான சான்று வேறேது?

ஆனால், தொடக்க நூலின் 47-ஆம் அதிகாரத்தை முடிவுவரை வாசிப்பவர் சிலரே. தானியம் வாங்க மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள். பணம் தீர்ந்தபின் ஆடு மாடுகளைக் கொடுத்தார்கள். அவையும் தீர்ந்தபின் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். (குருக்களின் நிலம் மட்டும் விற்கப்படவில்லை என்று நூல் கூறுகிறது, அவ்வரியை வாசிக்கும்போது குருவாகிய நமக்குச் சற்று வெட்கமே உண்டாகிறது!) யோசேப்பு இருந்தவரையில் அக்களஞ்சியத்தின் சாவி நல்லவர் கையில் இருந்தது. பின்னர், யோசேப்பை அறியாத மன்னன் ஒருவன் எழுந்தான். காப்பாற்றப்பட்ட யாக்கோபின் மக்களே செங்கல் சுமக்கும் அடிமைகளானார்கள்.

ஆட்சியாளர் நல்லவராக இருக்கும்போதே நாம் எண்ண வேண்டியது இது: ஊரின் உலைகள் அனைத்துக்கும் ஒரே சாவியைச் செய்து இவரிடம் கொடுத்தால், நாளை அது யாரிடம் போய்ச் சேரும்? வாக்குக் கேட்டு வருகிறவர், "எனக்கு வாக்களிக்காத தெருவுக்குப் பருப்பு இல்லை" என்று சொல்லும் நாள் வராதென்பதற்கு என்ன உறுதி?

கணக்கு நோட்டின் இரு முகம்

இவ்வாறு எழுதுவதால் தனியார் கடைக்காரர் எல்லாரும் தூயவர் என்று நாம் சான்றிதழ் வழங்குவதாக எண்ணிவிட வேண்டா. நாம் கண்ட இரண்டு கணக்கு நோட்டுகளைப் பற்றிச் சொல்லுகிறோம்.

2015-ஆம் ஆண்டின் வெள்ளத்தின்போது, சிதம்பரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்யும் கைம்பெண் ஒருவரை நாம் சந்தித்தோம். பல நாள் வேலையில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். அவ்வூர்க் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுத்து வந்தார். வட்டி இல்லை, எப்போது தருவாய் என்ற கேள்வியும் இல்லை. கடைக்காரர் நம் மதத்தவரும் அல்லர். அந்த அம்மையாரை எந்த வங்கியும் அறியாது. எந்த அலுவலகக் கணினியிலும் அவருடைய நாணயம் பதிவாகவில்லை. அது அக்கடைக்காரரின் நெஞ்சில் பதிவாகியிருந்தது.

மற்றொரு நோட்டை வேறோர் ஊரில் ஒரு மீனவர் வீட்டில் கண்டோம். ஆண்டுகள் பல ஆகியும் கடன் குறையவேயில்லை. "கடன் இருக்கிறது, ஆகவே வேறு கடைக்குப் போகலாகாது. வேறு கடைக்குப் போகாததால், அவர் சொன்னதே விலை" என்றார் அவ்வீட்டுத் தலைவர். ரொக்கத்துக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை! கணக்கைக் கூட்டிப் பார்க்கும் படிப்பு அவ்வீட்டில் யாருக்கும் இல்லை. முதல் நோட்டு அன்பின் ஏடு. இரண்டாவது நோட்டு அடிமைச் சாசனம். இரண்டாம் கடைக்காரரும் தம்மளவில் ஒரு சிறு பார்வோனே.

இப்போது வேறொரு பெருவணிகமும் நம் தெருக்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியில் தொட்டால் வீட்டுக்கே பொருள் வருகிறது. தொடக்கத்தில் விலையும் குறைவு. 2012-இல் பல்பொருள் சில்லறை வாணிபத்தில் அயல்நாட்டு முதலீட்டுக்கு நடுவண் அரசு கதவு திறந்தபோது, தமிழக அரசு அதனை எதிர்த்தது நினைவிருக்கும். சிறு கடைகள் எல்லாம் மூடியபின், அப்பெருநிறுவனம் விலையை ஏற்றினால் யாரிடம் போவோம்? ஒரே கடை என்பது அரசினுடையதாயினும், முதலாளியினுடையதாயினும் ஆபத்து ஒன்றே.

திருச்சபையின் போதனையும் இந்நடுவழியையே காட்டுகிறது. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரைச் சுரண்டும் முதலாளிகளைக் கண்டித்தார். அதே மடலில் உழைத்துச் சேர்த்த உடைமையைப் பறிப்பதையும் கண்டித்தார். 1931-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர், சிறிய குழு தானே செய்யக்கூடிய பணியைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். அதே மடலில், தனியார் கையில் விட்டால் பொதுநலனுக்கே கேடாகும் அளவு வல்லமை தரும் உடைமைகளை அரசு வைத்துக்கொள்ளலாம் என்றும் ஏற்றுக்கொண்டார். அவ்வளவு வல்லமை தெருமுனை மளிகைக் கடைக்கு உண்டா? இல்லை. தானியத்தையெல்லாம் வாங்கிப் பதுக்கக்கூடிய பெருவணிகருக்கு உண்டு. அங்கேதான் அரசின் கை உறுதியாக நீள வேண்டும்.

மூன்றாம் கதவு

அரசுக் கடை ஒரு கதவு. தனியார் கடை ஒரு கதவு. நாம் பெரும்பாலும் மறந்துவிட்ட மூன்றாம் கதவும் ஒன்று உண்டு, அது கூட்டுறவு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கலப்பட மாவாலும் கடனாலும் நொந்த நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெண்மர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கடை திறந்தார்கள். சரியான எடை, கலப்படமற்ற பொருள், ரொக்க விற்பனை, இலாபத்தில் உறுப்பினருக்குப் பங்கு என்பனவே அவர்களுடைய விதிகள். 1904-இல் நம் சென்னையிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஸ்பெயின் நாட்டின் மொண்ட்ராகோன் என்னும் ஊரில், ஓர் எளிய துணைப் பங்குக்குரு ஊட்டிய எண்ணத்திலிருந்து 1956-இல் தொழிற்கூட்டுறவு முளைத்தது; பின்னர் அதிலிருந்து பெரிய நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளும் தோன்றின.

நம் நியாய விலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே என்பதைப் பலர் அறியார். "அது கவர்மெண்ட் கடை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உறுப்பினரான நாம் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போவதில்லை, கணக்குக் கேட்பதில்லை, தேர்தல் நடந்தாலும் யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆகவே, நம்முடையதாக இருக்க வேண்டிய கடை யாருடையதோ ஆயிற்று. புதிதாக எதையும் பறித்துக்கொள்ளுமுன், ஏற்கெனவே நம் கையில் உள்ளதை நாம் நடத்திக் காட்ட வேண்டாமா?

நம் வீடுகளின் கடமை

அரசு செய்ய வேண்டியவை பல. நியாய விலைக் கடையைக் குறைக்காமல் காத்தல், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உழவனின் நெல் மழையில் நனையுமுன் வாங்குதல், பதுக்கலையும் ரேஷன் அரிசிக் கடத்தலையும் ஒடுக்குதல், எல்லாருடைய எடைக்கல்லையும் கண்டிப்பாகச் சோதித்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின்படி முதியோரின் வீட்டுக்கே ரேஷன் பொருள் வருவது நல்ல தொடக்கம். விரல் ரேகை பதியாமல் திரும்பி வரும் முதியோரின் கண்ணீரை நாமும் கண்டிருக்கிறோம்.

நம் குடும்பங்களும் செய்யக்கூடியவை உண்டு. கடையில் பட்டியல் கேட்டு வாங்குங்கள். எடை காட்டும் எண்ணைப் பாருங்கள். நோட்டில் வாங்கினால், வாரந்தோறும் நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். படித்த பிள்ளையைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். கையில் பணம் வந்த நாளில் பெரிய கடைக்கு ஓடிவிட்டு, பணமில்லாத நாளில் மட்டும் தெருக்கடையின் வாயிலில் நிற்காதீர்கள்; அதுவும் ஒருவகை அநீதியே. வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுங்கள். மகளிர் குழுவினர் பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்து பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வீட்டுக்கு ஒருவராவது செல்லுங்கள்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் நாம் சுருக்கமாகச் சொன்னோம். அந்த இளைஞர் முழுவதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. "ஏழைக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது, ஃபாதர்" என்றார். அச்சொல்லிலும் நியாயம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், கூட்டம் முடிந்ததும் அவர் நேரே பின்வரிசைக்குச் சென்று, "அண்ணாச்சி, உங்கள் கடையை எண்ணி நான் அன்று பேசவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். கடைக்காரர் முதன்முறையாக வாய் திறந்தார்: "கேட்டது நல்லதுதான் தம்பி. மொத்தக் கடையில என்ன விலைக்கு எடுக்கிறேன், என்ன விலைக்குக் கொடுக்கிறேன்னு ஒரு பலகையில எழுதி வைக்கிறேன். நீங்க வந்து சரிபார்க்கலாம்."

சென்ற மாதம் அத்தெரு வழியே சென்றபோது, அப்பலகை கடைவாயிலில் தொங்குவதைக் கண்டோம். சாக்பீசால் எழுதிய எழுத்து. அரிசி, துவரம் பருப்பு, கடலை எண்ணெய், சர்க்கரை. எதிர்ச் சாரியில் நியாய விலைக் கடையின் முன்னே வரிசை நின்றது. அன்று கேள்வி கேட்ட மூதாட்டி ரேஷன் அரிசிப் பையை ஒரு கையில் பற்றிக்கொண்டு, மற்றொரு கையில் கணக்கு நோட்டோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டு, "தோத்திரம் சாமி" என்றார். அவர் எந்தக் கடையின் முன்னும் தலைகுனிந்து நிற்கவில்லை. அந்நிலை காக்கப்பட வேண்டும் என்பதே நம் விடை.